எந்தத் திசையில் என்று கேளுங்கள்

ரூப்ரீன் என்ற கரிமக் குறைகடத்திப் படிகத்தின் இயக்க எண் (மின்புலம் இழுக்கும்போது மின்துகள் எவ்வளவு வேகமாக நகரும் என்பதைச் சொல்லும் எண்) எவ்வளவு என்று யாராவது என்னிடம் கேட்டால், எந்தத் திசையில் என்று பதிலுக்குக் கேட்பேன். கேட்டவர் பெரும்பாலும் தயங்குவார். அவர் படித்த கட்டுரையில் ஒரே ஓர் எண்தான் இருந்திருக்கும். அதன் பக்கத்தில் திசை எழுதப்பட்டிருக்காது. கரிமக் குறைகடத்திப் படிகங்களை வளர்ப்பதும், அவற்றைத் திருப்பித் திருப்பி வைத்து மின்னோட்டத்தை அளப்பதும்தான் என் வேலை. அந்த வேலையிலிருந்து எனக்குக் கிடைத்த உறுதியான கருத்து ஒன்று உண்டு: திசையைச் சொல்லாமல் தரப்படும் இயக்க எண் பாதித் தகவல்தான். அதோடு, திசைக்குத் திசை அந்த எண் எப்படி மாறுகிறது என்பதைப் போல ஒரு படிகத்தின் தரத்தை வெளிச்சம் போட்டுக் காட்டும் அளவீடு வேறு எதுவும் இல்லை.

சிலிக்கானோடு பழகியவர்களுக்கு இந்தப் பேச்சு விசித்திரமாகத் தோன்றலாம். சிலிக்கானின் அணிக்கோவை, அதாவது அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கு, கனசதுர வகையைச் சேர்ந்தது. அந்தச் சமச்சீர்மை ஒன்றே போதும். சிறிய மின்புலத்தை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும், படிகத்தின் உள்ளே கடத்துதிறன் ஒன்றாகவே இருக்கும். ஆற்றல் பட்டைகள் (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகள்) உள்ளுக்குள் எவ்வளவு நீண்டு நெளிந்திருந்தாலும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் வெளியே தெரிவது ஒரே எண்தான். கரிமப் படிகங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. தட்டையாகவும் நீளமாகவும் இருக்கும் மூலக்கூறுகள் கனசதுர ஒழுங்கில் அடுக்கப்படுவது அரிது. ரூப்ரீன் செஞ்சாய்சதுர வகை. அதன் கடத்தலைச் சொல்ல மூன்று எண்கள் வேண்டும். நாப்தலீனும் ஆந்த்ரசீனும் ஒற்றைச்சரிவு வகை. அவற்றுக்கு மூன்று எண்களோடு, முதன்மை அச்சுகள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பதைச் சொல்லும் ஒரு கோணமும் தேவை. டெட்ரசீன், பென்டசீன் போன்ற முச்சரிவுப் படிகங்களுக்கு ஆறு எண்கள். கடத்துதிறன் என்பது இங்கே ஒரு டென்சர், அதாவது ஒரே எண்ணில் அடங்காமல் திசையையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய அளவு. பாடநூலில் அது ஒரு பெயராக வந்து போய்விடும். ஆய்வகத்தில் ஒவ்வொரு நாளும் அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

ஏன் இப்படி என்பதற்கு ரூப்ரீனையே எடுத்துக்கொள்ளலாம். நான்கு பென்சீன் வளையங்கள் வரிசையாக ஒட்டிய டெட்ரசீன் முதுகெலும்பு. அதன் நடுவில் இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு ஃபினைல் தொகுதிகள். இதுதான் மூலக்கூறு. படிகத்துக்குள் இந்த மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது வெறும் வான்டெர்வால்ஸ் விசை. சிலிக்கானில் இருப்பதுபோல அணுவுக்கு அணு சகப்பிணைப்பு கிடையாது. இந்தக் குடும்பத்தின் மிகச் சிறிய உறுப்பான நாப்தலீன் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுகிறது என்பதிலிருந்து இந்தப் பிடிப்பு எவ்வளவு மெல்லியது என்று ஊகிக்கலாம். ஒரு மூலக்கூறில் இருக்கும் மின்துகள் அடுத்த மூலக்கூறுக்குப் போக வேண்டுமென்றால், இரண்டின் அலைச்சார்புகளும் (மின்துகள் எங்கே இருக்கக்கூடும் என்பதைச் சொல்லும் கணித வடிவங்கள்) ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அந்தப் படிவு எவ்வளவு என்பதை மாற்றத் தொகையீடு என்ற ஓர் ஆற்றல் மதிப்பால் சொல்கிறோம். பக்கத்து மூலக்கூறு எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது தலைகீழாக மாறும்.

ரூப்ரீனில் பி அச்சின் திசையில் மூலக்கூறுகள் முகத்தோடு முகம் பார்த்தபடி அடுக்கப்பட்டிருக்கின்றன. தளத்துக்கும் தளத்துக்கும் இடைவெளி சுமார் 3.7 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டியான அலகுக்கூட்டின் நீளம் அந்த அச்சில் 7.2 ஆங்ஸ்ட்ராம்தான், ஏ அச்சில் 14.4, சி அச்சில் 26.9. (சிலர் ஏ, சி இரண்டையும் மாற்றிப் பெயரிடுவார்கள். பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது முதலில் அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.) பி அச்சின் திசையில் மாற்றத் தொகையீடு ஏறக்குறைய 0.1 எலக்ட்ரான் வோல்ட். அதே தளத்தில் சாய்வாக அமைந்த அண்டை மூலக்கூறை நோக்கி அது பல மடங்கு குறைந்துவிடுகிறது. சி அச்சின் திசையிலோ ஒரு மூலக்கூறு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே ஃபினைல் தொகுதிகள் வேலி போட்டு நிற்கின்றன. அடுக்குகளின் தொலைவு 13 ஆங்ஸ்ட்ராமுக்கும் மேல். மின்துகளுக்கு அந்தப் பக்கம் போக ஏறக்குறைய வழியே இல்லை.

இதில் என்னை இன்னும் வியக்கவைக்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. பி அச்சில் அடுக்கப்பட்ட மூலக்கூறுகள் நேருக்கு நேராக இல்லை. நீள்வாக்கில் சுமார் 6.1 ஆங்ஸ்ட்ராம் விலகி நிற்கின்றன. இவ்வளவு விலகினால் படிவு குறைந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அலைச்சார்பு மூலக்கூறின் நீளத்தில் நேர்க்குறியும் எதிர்க்குறியுமாக மாறி மாறி வருகிறது. மூலக்கூறைச் சிறிது சிறிதாக நகர்த்தினால் தொகையீடு குறைந்து, சுழியாகி, குறி மாறி, மறுபடியும் ஏறும். 6.1 ஆங்ஸ்ட்ராம் விலகலில் நேர்க்குறி மடல்களும் எதிர்க்குறி மடல்களும் மீண்டும் ஒத்துப்போய், தொகையீடு ஒரு உச்சத்துக்கு அருகே வந்து நிற்கிறது. குறுக்குவாட்டில் விலகலே இல்லை. ஃபினைல் தொகுதிகள் இடத்தை அடைத்துக்கொண்டு மூலக்கூறுகளை இப்படி ஒதுங்கி நிற்கச் செய்ததால் கிடைத்த பேறு இது. வெறும் டெட்ரசீனுக்கு அது வாய்க்கவில்லை.

படிகம் வளர்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அச்சுகளை அடையாளம் காண்பது அங்கேயே தொடங்கிவிடுகிறது. நீளமான கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் ரூப்ரீன் தூள். அந்தப் பகுதியை 300 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக்குகிறோம். தூய ஆர்கான் வாயு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். தூள் பதங்கமாகி, வாயுவோடு குளிர்ந்த பக்கம் நகர்ந்து, குழாயின் சுவரில் படிகமாகிறது. வேறு மாசுகள் அவற்றுக்கு ஏற்ற வெப்பநிலையில் வேறு இடங்களில் படிந்துவிடுவதால், வளர்ப்பதும் தூய்மையாக்குவதும் ஒரே வேலையில் நடந்துவிடுகின்றன. வெப்பநிலை எவ்வளவு மெதுவாகச் சரிகிறதோ அவ்வளவு நல்ல படிகம். அவசரப்பட்டால் தூசுபோல் நொறுங்கிய துணுக்குகள்தான் மிஞ்சும்.

குழாயை வெளியே எடுக்கும்போது உள்ளே இரண்டு வகை இருக்கும்: செம்மஞ்சள் நிறத்தில் நீண்ட ஊசிகள், அதே நிறத்தில் மெல்லிய தகடுகள். ஊசியின் நீளம் பெரும்பாலும் பி அச்சு. எந்தத் திசையில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாகப் பிடித்துக்கொள்கின்றனவோ, அந்தத் திசையில்தான் படிகமும் வேகமாக வளர்கிறது. ஆக, படிகத்தின் வெளி உருவமே உள்ளே எந்தப் பக்கம் பாதை நன்றாக இருக்கிறது என்று பாதி சொல்லிவிடுகிறது. அளப்பதற்கு நான் தேடுவது தகடுகளைத்தான்; அவற்றின் பெரிய முகத்தில் ஏ, பி இரண்டு அச்சுகளும் கிடக்கின்றன, சி அச்சு முகத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. தகட்டைத் தளவிளைவு நுண்ணோக்கியில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு ஒளி வடிகட்டிகளுக்கு இடையில் வைத்துச் சுழற்றினால், 90 டிகிரிக்கு ஒரு முறை தகடு முழுவதும் சீராக இருண்டுபோகும். ஒரு பகுதி இருண்டு இன்னொரு பகுதி மினுங்கினால் அது ஒற்றைப் படிகம் இல்லை, ஒதுக்கிவிடுவேன். இருளும் நிலைகள் இரண்டு அச்சுகளையும் காட்டும். எது எந்த அச்சு என்பதை முகத்தின் விளிம்புக் கோணங்களிலிருந்தும், சந்தேகம் இருந்தால் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவிலிருந்தும் உறுதி செய்துகொள்ளலாம். இத்தனையும் மங்கிய ஒளியில் நடக்க வேண்டும். ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்தால் ரூப்ரீன் பெராக்சைடாக மாறத் தொடங்கும், அது முதலில் கெடுப்பது மின்னோட்டம் ஓடும் மேற்பரப்பைத்தான்.

2004இல் விக்ரம் சுந்தர், ஜான் ரோஜர்ஸ், விட்டலி போட்சோரோவ், மைக்கேல் கெர்ஷென்சன் முதலியோர் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் ஒரு திருப்பம் என்பேன். மின்முனைகளைப் படிகத்தின் மீது படியவைப்பதுதான் அதுவரை பெரிய தலைவலி. சூடான தங்க அணுக்கள் மென்மையான கரிமப் படிகத்தின் மேற்பரப்பைப் புண்ணாக்கிவிடும். இவர்கள் வேலையைத் தலைகீழாக மாற்றினார்கள். மென்மையான சிலிகோன் ரப்பரில் மின்முனைகளை முதலிலேயே அமைத்து, முத்திரை போலச் செய்துவைத்துக்கொண்டு, அதன்மேல் படிகத்தை மெல்ல வைத்தார்கள். மெல்லிய படிகம் ரப்பரில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். பசை வேண்டாம், அழுத்த வேண்டாம். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒட்டும் விளிம்பு ஒரு ஓரத்தில் தொடங்கி, நடுவில் இருந்த காற்றைத் தள்ளிக்கொண்டு மறு ஓரம்வரை நகர்வது கண்ணுக்குத் தெரியும். முக்கியமானது அடுத்த படி: படிகத்தைச் சேதமின்றி எடுத்து, வேறு கோணத்தில் திருப்பி, அதே மின்முனைகளின் மேல் மறுபடியும் வைக்கலாம். ஒரே படிகம், ஒரே மேற்பரப்பு, ஒரே மின்முனைகள். மாறுவது கோணம் மட்டும். இப்படி அளந்தபோது பி அச்சில் இயக்க எண் 15.4 சதுர செ.மீ./வோல்ட்-வினாடி, ஏ அச்சில் 4.4 என்று கிடைத்தது. ஒரே தளத்தில் 90 டிகிரி திருப்பினால் மூன்றரை மடங்கு வித்தியாசம். (ஒரு செ.மீட்டருக்கு ஒரு வோல்ட் மின்புலம் இருந்தால் மின்துகள் வினாடிக்கு எத்தனை செ.மீ. நகரும் என்பதே இந்த எண். இனி அலகைத் திரும்பத் திரும்ப எழுதப்போவதில்லை.)

இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, 45 டிகிரியில் வைத்தால் என்ன கிடைக்கும்? இந்தக் கேள்வியை இந்த வேலைக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் கேட்பேன். இரண்டின் சராசரி, 9.9 என்று உடனே சொல்வார்கள். சில அமைப்புகளில் அது சரி. வேறு சில அமைப்புகளில் விடை 6.8. இரண்டுமே சரியான இயற்பியல்தான். வித்தியாசம் மின்முனைகளின் வடிவத்தில் இருக்கிறது.

திசைச்சார்புள்ள படிகத்தில் மின்புலமும் மின்னோட்டமும் ஒரே பக்கம் பார்ப்பதில்லை. சரிவான வயலில் சால்கள் சரிவுக்குக் கோணலாக உழப்பட்டிருந்தால், நீர் நேராகப் பள்ளத்தை நோக்கி இறங்காது. பெரும்பகுதி சாலோடு ஓடும், கொஞ்சம்தான் வரப்பைத் தாண்டிக் கசியும். அதேபோல் மின்புலத்தை பி அச்சிலிருந்து 45 டிகிரி சாய்த்து வைத்தால், இரண்டு அச்சுகளிலும் சமமாகத் தள்ளுகிறோம். ஆனால் ஓட்டம் 15.4க்கு 4.4 என்ற விகிதத்தில் பிரிகிறது. மொத்த மின்னோட்டம் பி அச்சிலிருந்து ஏறத்தாழ 16 டிகிரி கோணத்தில்தான் போகும். நாம் தள்ளிய திசையிலிருந்து 29 டிகிரி விலகிவிட்டது.

இப்போது இரண்டு அமைப்புகளைப் பார்க்கலாம். முதலாவதில் மின்முனைகள் மிக அகலம், இடைவெளி மிகக் குறுகல். அகன்ற மின்முனை தன் நீளம் முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால், மின்புலம் அதற்குச் செங்குத்தாக இருந்தே தீர வேண்டும். மின்னோட்டம் பக்கவாட்டில் விலகிப் போனாலும் எதிர் மின்முனையை எங்காவது ஓரிடத்தில் சேர்ந்துவிடும். இங்கே கடத்தல் திறன்கள்தான் கூடுகின்றன: பி மதிப்பைக் கோணத்தின் கொசைன் வர்க்கத்தாலும், ஏ மதிப்பை சைன் வர்க்கத்தாலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். 45 டிகிரியில் 9.9. இரண்டாவது அமைப்பில் படிகம் ஒரு நீண்ட, ஒடுங்கிய பட்டை. மின்னோட்டம் பக்கவாட்டில் போக இடமே இல்லை. பட்டையின் நீளத்தில்தான் ஓடியாக வேண்டும். பக்கச் சுவர்களில் மின்துகள்கள் குவிந்து, ஒரு குறுக்கு மின்புலத்தை உண்டாக்கி, ஓட்டத்தை நேராக்குகின்றன. இங்கே கூடுவது தடைகள்: தலைகீழ் மதிப்புகளை எடுத்து, பெருக்கி, கூட்டி, மறுபடியும் தலைகீழாக்க வேண்டும். 45 டிகிரியில் 6.8.

அந்தக் குறுக்கு மின்புலம் சாதாரணமானதல்ல. இந்த எண்களை வைத்துக் கணக்கிட்டால் அது நீள்வாட்டு மின்புலத்தில் பாதிக்கும் மேல், சுமார் 0.56 பங்கு. காந்தத்தை அருகிலேயே கொண்டுவராமல் இவ்வளவு பெரிய குறுக்கு மின்னழுத்தம்! ஹால் விளைவை (காந்தப்புலத்தில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே மின்னழுத்தம் எழுவதை) அளப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் படிகத்தின் சாய்வையே ஹால் மின்னழுத்தம் என்று எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. காந்தப்புலத்தின் திசையைப் புரட்டிப் போட்டு இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தை எடுத்தால் ஹால் பகுதி மட்டும் தனியே பிரியும். காந்தத்தைப் புரட்டினாலும் குறி மாறாமல் நிற்பது திசைச்சார்பின் பங்கு. அந்த மீதியைத் தூக்கி எறியாமல் அதையும் பதிவு செய்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். படிகம் எத்தனை டிகிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை அதிலிருந்தே கணக்கிடலாம்.

படிகத்தின் தரத்தைத் திசைச்சார்பு எப்படிக் காட்டுகிறது? ஒரு டிரான்சிஸ்டரில் நாம் அளக்கும் தடையில் படிகத்தின் பங்கும் இருக்கிறது, மின்முனைத் தொடுகையின் பங்கும் இருக்கிறது. தொடுகைக்கு இந்தத் தளத்தில் எந்தத் திசை என்பது பெரிதாகப் பொருட்டில்லை. பி அச்சில் படிகத்தின் தடை 1 என்றால் ஏ அச்சில் 3.5. தொடுகைத் தடை 2 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3, 5.5, விகிதம் 1.8 ஆகச் சுருங்கிவிடும். தொடுகைத் தடை 10 என்றால் 11, 13.5, விகிதம் வெறும் 1.2. படிகத்தை முழுச் சுற்று சுற்றிய பிறகும் வரைபடம் ஏறக்குறைய வட்டமாகவே இருந்தால், நாம் அளந்தது படிகத்தை அல்ல, தொடுகையை. மேலே மின்முனை, கீழே கேட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) என்ற அமைப்பில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மின்துகள் மின்முனையிலிருந்து கேட்டை ஒட்டிய பரப்புக்கு இறங்க, படிகத்தின் தடிமனைக் கடக்க வேண்டும்; அது சி அச்சு, இருப்பதிலேயே மோசமான பாதை. தடித்த படிகங்கள் பார்க்க அழகாக இருந்தும் மோசமான எண்களைத் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். நான்கு மின்முனை அமைப்பில் அளந்தால் தொடுகையின் பங்கு விலகிவிடும். அதற்காகக் கூடுதலாகச் செலவிடும் நேரம் வீணாகாது.

பொறிகளின், அதாவது மின்துகளைப் பிடித்துவைக்கும் குறைபாடுகளின், விஷயம் சற்று வேறு. மின்துகள் குறைபாட்டில் சிக்கி, சிறிது நேரம் கிடந்து, வெப்பத்தால் விடுபட்டு, மறுபடியும் ஓடுகிறது என்றால், ஓடும் நேரம் எல்லாத் திசைக்கும் ஒரே அளவில் குறைகிறது. அதனால் எண்கள் குறையும். விகிதம் அப்படியே இருக்கக்கூடும். ஆகவே விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டுப் படிகம் நல்லது என்று சொல்லிவிட முடியாது. வெப்பநிலையைக் குறைக்கும்போது இயக்க எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பொறிகள் ஆதிக்கம் செலுத்தினால் குளிரக் குளிர மின்துகள் விடுபட முடியாமல் எண் சரியும். பொறிகள் இல்லாத ஓட்டத்தில் அதிர்வுகள் அடங்குவதால் எண் ஏறும். 2004இல் ஃபிசிகல் ரிவியூ லெட்டர்ஸ் இதழில் போட்சோரோவும் கெர்ஷென்சனும் மற்றவர்களும் ரூப்ரீனைப் பற்றி எழுதியபோது, படிகத்தின் சொந்தக் கடத்தலுக்கு அடையாளமாக இவ்விரண்டையும்தான் முன்வைத்தார்கள்: திசைச்சார்பு, குளிரும்போது ஏறும் இயக்க எண். இரண்டும் சேர்ந்து தெரியும்போது மட்டும்தான் நான் ஓர் எண்ணை நம்புகிறேன்.

இந்தச் சிந்தனை டிரான்சிஸ்டர்களோடு பிறந்ததல்ல. 1960இல் கெப்ளர் ஆந்த்ரசீன் படிகங்களில் பறப்பு நேர முறையில் இயக்க எண்ணை அளந்தார். படிகத்தின் ஒரு முகத்தில் ஒளித்துடிப்பு விழுந்து மெல்லிய மின்துகள் படலம் உண்டாகிறது. மின்புலம் அதை மறு முகத்துக்கு இழுக்கிறது. எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறோம். 1 மி.மீ. தடிமன், 1000 வோல்ட், இயக்க எண் 1 என்றால் 10 மைக்ரோவினாடி. திசையை மாற்ற வேண்டுமென்றால் படிகத்தை வேறு தளத்தில் அறுத்துத் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு திசைக்கு ஒரு வில்லை. பிறகு ஸ்டுட்கார்ட்டில் நார்பர்ட் கார்ல் பல ஆண்டுகள் செலவிட்டு மிகத் தூய நாப்தலீன் படிகங்களை வளர்த்து இதே அளவீட்டை உச்சத்துக்குக் கொண்டுபோனார். வார்ட்டாவும் அவரும் 1985இல் வெளியிட்ட முடிவில், அறை வெப்பநிலையில் 1ஐ ஒட்டி இருக்கும் துளைகளின் (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள், நேர்மின்துகள்போல் நகர்பவை) இயக்க எண், ஆழ்ந்த குளிரில் 400 வரை ஏறியது. அதே நாப்தலீனில் எலக்ட்ரான்களைப் பார்த்தால், அடுக்குத் தளத்துக்குள் குளிரக் குளிர இயக்க எண் ஏறுகிறது. அடுக்குகளுக்குக் குறுக்கே, அறை வெப்பநிலையிலிருந்து ஏறத்தாழ 100 கெல்வின் வரை அது அசைவதே இல்லை. ஒரே படிகம், ஒரே துகள். திசையை மாற்றினால் எண் மட்டுமல்ல, வெப்பநிலைக்கு அது நடந்துகொள்ளும் விதமே மாறுகிறது. எனக்கு இந்தப் பழைய வரைபடங்களின் மேல் தனிப் பற்று உண்டு.

திசைச்சார்பின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தும் கரிமப் படிகங்களான கரிம உலோகங்களுக்குப் போக வேண்டும். 1973இல் புகழ்பெற்ற டிடிஎஃப்-டிசிஎன்கியூ படிகத்தில் இரண்டு வகை மூலக்கூறுகளும் தனித்தனித் தூண்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தூண்களின் திசையில் கடத்துதிறன் அறை வெப்பநிலையில் செ.மீட்டருக்குச் சில நூறு சீமென்ஸ். குறுக்கே அது சில நூறு மடங்கு குறைவு. ஆனால் ஒற்றைப் பரிமாண உலோகத்துக்கு உள்ளேயே ஒரு ஆபத்து இருக்கிறது: குளிர்ந்தால் பையர்ல்ஸ் உருக்குலைவு (தூணில் மூலக்கூறுகளின் சீரான இடைவெளி குலைவது) வந்து உலோகத் தன்மையே போய்விடும். இந்தப் படிகத்தில் அது 54 கெல்வினில் தொடங்குகிறது.

இங்கேதான் பலரோடு நான் மாறுபடுகிறேன். ஒரு திசையில் மாற்றத் தொகையீட்டை முடிந்தவரை பெரிதாக்கினால் நல்ல குறைகடத்தி கிடைத்துவிடும் என்று நினைத்து மூலக்கூறுகளை வடிவமைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். கரிமப் படிகம் மென்மையானது. அறை வெப்பநிலையில் மூலக்கூறுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கியபடி ஆடிக்கொண்டே இருக்கின்றன. தொகையீடோ அந்த விலகலைப் பொறுத்துக் குறிகூட மாறக்கூடியது என்று மேலே சொன்னேன். ஆகவே ஒவ்வொரு கணமும் அதன் மதிப்பு கணிசமாக ஏறி இறங்குகிறது. 2006இல் ட்ராய்சியும் ஓர்லாண்டியும் இந்த ஆட்டமே மின்துகளைத் தற்காலிகமாக ஓரிடத்தில் முடக்கிப்போடும் என்று காட்டினார்கள். ஒற்றைத் தூணில் போகும் மின்துகளுக்கு, வழியில் ஓர் இணைப்பு நலிந்தால் சுற்றிப்போக வேறு பாதை இல்லை. தளத்தில் எல்லாப் பக்கமும் இணைப்புகள் ஏறக்குறையச் சமமாக இருந்தால் சுற்றிப் போய்விடலாம். 2017இல் ஃப்ராட்டினி, சியூக்கி, மயோ, ட்ராய்சி முதலியோர் நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள்: மூன்று அண்டைத் திசைகளின் தொகையீடுகளும் அளவில் சமமாகவும், அவற்றின் பெருக்கற்பலன் நேர்க்குறியாகவும் இருக்கும் படிகங்களே மேலானவை. குறி மாறினால் அதே அளவுள்ள தொகையீடுகள்கூட மோசமான பலனைத் தருகின்றன. இதன்படி பார்த்தால், பெரிய திசைச்சார்பு பெருமைப்பட வேண்டிய விஷயம் அல்ல. அளக்கும்போது அது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது என் கோரிக்கை. வடிவமைக்கும்போது குறைவாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

நடைமுறைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் தளத்தின் போக்கில் ஓட வேண்டும்; அதனால் பென்டசீன் போன்ற மூலக்கூறுகள் சிலிக்கான் ஆக்சைடு மேல் நிமிர்ந்து நிற்பது நல்லது. சூரிய மின்கலத்தில் மின்துகள்கள் படலத்தின் தடிமனைக் கடந்து மின்முனையை அடைய வேண்டும். அங்கே மூலக்கூறுகள் படுத்துக் கிடப்பதே நல்லது. ஆகவே டிரான்சிஸ்டரில் பெயர் வாங்கிய பொருளை அப்படியே மின்கலத்துக்குக் கொண்டுபோனால் சோபிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. துணுக்குப் படிகங்கள் நிறைந்த படலத்தில் ஒவ்வொரு துணுக்கும் ஒவ்வொரு பக்கம் பார்த்திருக்கும். எல்லாம் கலந்து, எல்லைகளின் தடையும் சேர்ந்து, திசையே இல்லாத ஒரு சராசரி வரும். கரைசலை ஒரே பக்கமாக இழுத்துப் பூசினால் படிகங்கள் ஒரு திசையில் அணிவகுக்கும். 2011இல் செனான் பாவ் குழுவினர் டிப்ஸ்-பென்டசீனை (கரைசலில் கரையும்படி மாற்றிய பென்டசீனை) இப்படி வேகமாக இழுத்துப் பூசி, மூலக்கூறுகளின் இடைவெளியையே 3.33 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 3.08 ஆகக் குறைத்தார்கள். துளைகளின் இயக்க எண் 0.8இலிருந்து 4.6 ஆக உயர்ந்தது. கால் ஆங்ஸ்ட்ராம் நகர்ந்ததற்கு இவ்வளவு பலன். இப்படி அணிவகுத்த படலத்தில் சுற்றமைப்பு வரைபவர், டிரான்சிஸ்டரை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒரே படிகத்தில் இருந்தாலும் ஒரே மாதிரி வேலை செய்யாது.

எனவே இந்தத் துறையில் கட்டுரை எழுதுபவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. சாதனத்தின் படத்தில் படிகத்தின் அச்சுகளை இரண்டு அம்புக்குறிகளால் காட்டுங்கள். அச்சுகளுக்கு எந்தப் பெயரிடும் முறையைப் பின்பற்றினீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். மின்முனைகள் அகன்றவையா, படிகம் ஒடுங்கிய பட்டையா என்பதைச் சொல்லுங்கள், 9.9க்கும் 6.8க்கும் உள்ள தூரம் அந்த ஒரு தகவலில்தான் இருக்கிறது. முடிந்தால் குறைந்தது இரண்டு திசைகளிலாவது, அறை வெப்பநிலையிலும் அதற்குக் கீழேயும் அளந்து போடுங்கள். மிகச் சிறிய எண்ணையும் மறைக்காதீர்கள். ரூப்ரீனின் 15.4ஐ மேற்கோள் காட்டும் பலர் 4.4ஐ விட்டுவிடுகிறார்கள். மூலக்கூறுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பற்றி அந்தச் சிறிய எண் சொல்வதும் பெரிய எண் சொல்வதற்குக் குறைந்ததல்ல.